மூன்று முறை பிழிந்த பாட்டு

அரங்கத்து ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்ததும் எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே தொண்டை வரை வந்து நின்றது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் வாய் நிறைய எச்சிலை வைத்துக்கொண்டு யாரோ பேசுவது போலச் சளசளத்தது. தம்புராவைக் காணோம். மிருதங்கம் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து கேட்டது. நல்ல சோற்றை யாரோ மென்று துப்பி, அதையே மறுபடி தட்டில் வைத்தது போல இருந்தது.

சாயங்காலம் நடனப்பள்ளி ஆண்டு விழா. இது மதிய ஒத்திகை. அக்கா கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரெட்டியார்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். இந்தப் பாட்டுதான் அவளுக்குப் பரீட்சை. நடனப்பள்ளி மிஸ்ஸுக்கு வழக்கமாகப் பாடுகிறவர் சென்னைக்குப் போய்விட்டார். அரங்கேற்றங்களுக்குப் புது ஆள் தேவை. சின்னப் பிள்ளைகளின் குழு நடனத்துக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்து தரச் சொல்லியிருந்தார் மிஸ். “ஆண்டு விழால போடறேன். ஹால்ல உன் குரல் எப்படி நிக்குதுன்னு கேட்டுட்டு முடிவு சொல்றேன்” என்பதுதான் பேச்சு. பாடிச் சம்பாதிக்க வேண்டும் என்பதில்லை அவளுக்கு. மாத்திரை கேட்டு மட்டும் இல்லாமல் பாட்டுக்காகவும் தன்னை நாலு பேர் தேடி வரவேண்டும், அவ்வளவுதான்.

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு அறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழியப் பதிவு செய்தோம். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் அந்த வரியை முதலிலிருந்து பாட வேண்டும். ஒலிக்கலவை முழுக்க என் வேலை. அரங்கத்துப் பிளேயர் பென்டிரைவிலிருந்து எம்பித்ரீயைத்தான் எடுக்கும் என்றார்கள். பாட்டை எம்பித்ரீயாகச் சுருக்குவதில் எனக்கு ஆசாரமே உண்டு. மூலக்கோப்பைத் தொடக் கூடாது. அதிலிருந்து ஒரே ஒரு முறைதான் சுருக்க வேண்டும்; சுருக்கியதை மறுபடி சுருக்குவது எச்சில் பண்டம். சுருக்கும் முன் சத்தத்தின் உச்சியில் கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் உரத்த இடங்கள் கரகரவென்று பொரியும். நொடிக்கு எவ்வளவு ஒலித் தகவல் என்று சொல்லும் பிட் ரேட்டை இருப்பதிலேயே அதிகமாக வைக்க வேண்டும். இயர்ஃபோன், டிவி, சித்தப்பாவின் கார் என்று எல்லாவற்றிலும் போட்டு, மூலத்துக்கும் எம்பித்ரீக்கும் வித்தியாசம் தெரியாத பிறகுதான் மிஸ்ஸுக்குக் கொடுத்தேன்.

மேடைப் பக்கம் ஓடினேன்.

“மிஸ், இது நான் குடுத்த ஃபைல் இல்ல.”

“நீ குடுத்ததுதாம்மா. பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல இருந்து எடுத்தேன்.”

பக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “பிரான்ஸ்ல இருக்கற மாமியார் கேக்கட்டும்னு நான் ஸ்டேட்டஸ்ல வச்சேன். நீளமா இருந்துச்சா, ரெண்டா வெட்டி, புள்ள போட்டோ போட்டு வீடியோவா ஆக்கிட்டேன்.”

“அந்த ரெண்டு வீடியோவையும் ஆப்புல ஒட்டி, திரும்ப எம்பித்ரீ ஆக்கி குரூப்புல போட்டது நான்தான்” என்றார் ஓர் அப்பா, பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு. “பசங்க ப்ராக்டிஸ் பண்ண ஈஸியா இருக்கும்ல.”

“அண்ணா, அதுல எங்கக்கா குரலே செத்துப்போச்சு.”

“எங்க செத்துச்சு? கேக்குதுல்ல?”

‘கேக்குதுல்ல’ என்ற சொல்லை இந்த ஊரிலிருந்தே துரத்த வேண்டும். சாக்கடையும்தான் ஓடுகிறது, குடிக்கிறோமா?

பையில் என் பென்டிரைவ் இருந்தது. சவுண்டு அண்ணனிடம் கொடுத்தேன். சுத்தமான பாட்டு ஓடியது. மூச்சு, தம்புரா, ‘ஸ’ எல்லாம் இருந்தன. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

சரணம் வந்தது. எல்லோரும் ஒன்றாகத் திரும்ப வேண்டிய இடத்தில் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி, மற்றவர்களைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு மீண்டும் முன்னால் திரும்பினாள்.

மிஸ் கையைத் தட்டி நிறுத்தினார். “ஏன்டி திரும்பல?”

“‘டக்’குன்னு சத்தம் வரல மிஸ்.”

அந்த அப்பா இரண்டு துண்டுகளையும் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்று ஒரு வெட்டுச் சத்தம். பழைய கோப்பைப் போட்டுக் கேட்டேன், சரியாகத் திருப்பத்துக்கு முன்னால் இருந்தது. வாரக்கணக்காகப் பிள்ளைகள் அதைக் கேட்டே திரும்பிப் பழகியிருந்தார்கள். அழுக்கு தாளமாகிவிட்டது.

“இப்பப் போய் மாத்திப் பழக்க முடியாதும்மா” என்றார் மிஸ். “பழசையே போடுங்க அண்ணா.”

அக்கா மேடைக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். “அந்த டக்க நம்ம பாட்டுல வச்சுடு.”

“என்னா பேசற நீ?”

“பசங்க திரும்பணும். என் குரலும் கேக்கணும். வச்சுடு.”

“அது குப்பைக்கா. அத என் கையால எடுத்து நான் எப்பிடிப் போடுவேன்?”

“பெரிய கை. கடைக்கு யூரின் டப்பாவத் தூக்கிட்டு வந்து, லேபுக்குக் குடுத்துடும்மான்னு நீட்டறாங்க. வாங்கி வைக்கறேன்ல? லேப்டாப்பத் தெற.”

மிஸ் சிரித்துவிட்டார். “முடியும்னா பண்ணு. ஒருவாட்டி ஆடிப் பாத்துடலாம்” என்றார்.

உடை மாற்றும் அறையில் பவுடர் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்தேன். நாறிப்போன கோப்பிலிருந்து அந்த ‘டக்’கை மட்டும் வெட்டி எடுத்தேன். பரிமாறி வைத்த இலையில் நானே ஒரு முடியைக் கொண்டுபோய் வைப்பது போலக் கை கூசியது. மனம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, நடனத்துக்குத் தாளம் தட்டும் தட்டுக்கழியின் அழகான ஒலி ஒன்றை வைத்துப் பார்த்தேன். அக்கா தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“மேக்கப் போடாத. புள்ளைங்களுக்கு அதேதான் தெரியும்.”

அதையே வைத்தேன். மூலத்திலிருந்து புதிதாக, ஒரே முறை சுருக்கினேன். ஒத்திகையில் பிள்ளைகள் திரும்பினார்கள். சாயங்காலமும் திரும்பினார்கள், கைதட்டல் கிடைத்தது. அரங்கம் முழுக்க அக்கா நின்று பாடுவது போலவே இருந்தது. நான் மட்டும் அந்த ஒரு இடத்தில் காதைப் பொத்திக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் மிஸ் அக்காவிடம் வந்தார். “அரங்கேற்றத்துக்கு நேர்ல வந்து பாடறியா? ஒத்திகைக்கெல்லாம் வரணும்.”

“வரேன் மிஸ். ஞாயித்துக்கெழம கடை லீவு. மத்த நாள் ராத்திரி ஷிஃப்ட் மாத்திக்கறேன்.” மூச்சு விடாமல் சொன்னாள்.

“நல்லது.” மிஸ் என் பக்கம் திரும்பினார். “இன்னைக்குப் போட்ட பாட்ட குரூப்புல போட்டுடும்மா, எல்லாரும் கேக்கறாங்க.”

“மிஸ், வேணும்னா ஒவ்வொருத்தருக்கும் பென்டிரைவுல…”

அக்கா என் இடுப்பில் கிள்ளினாள், நன்றாகவே. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன். நீலக் குறிகள் விழத் தொடங்கின. ஃபோனைக் கவிழ்த்துப் பைக்குள் போட்டுவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.