முனை முறித்த வெண்டிக்காய்

பறித்த பிறகும் வெண்டிக்காய் மூச்சு விட்டபடிதான் வரும். தரம் பிரிக்கிற நாங்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். குளிர் அறையில் விரல் மரத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கானாவிலிருந்து விமானத்தில் வரும் மரக்கறியை ஜெர்மனியில் ஹம் நகரத்தில் பிரிக்கிறோம். அதே கானாவில்தான், எங்களை ஜெர்மனிக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் விட்டுப்போன இடத்தில், என் கணவர் நிற்கிறார். வயிற்றுப் பிள்ளையோடு என்னை முதலில் ஏற்றிவிட்டார்கள். தலைநகர் அக்ராவில் சந்தையில் மூட்டை இறக்குவதாகக் கடைசியாக டெலிபோனில் சொன்னார். ஐந்து மாதமாகச் சத்தமில்லை. மகள் நித்திரையானதும் இதை எழுதுகிறேன்.

சூடான பெட்டி

முதல் நாள் ஒரு பெட்டியின் நடுவில் கையை விட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது. கத்திவிட்டேன். பக்கத்து மேசை அக்கோசுவா கானாக்காரி. ஜெர்மனில் விளங்கப்படுத்தினாள்: விடியப் பறித்து லொறியில் அக்ராவுக்கு ஏற்றுவார்கள், சந்தைத் தலைவிகள் கைகாட்டுகிற லொறிதான் முதலில் இறக்கும், நகரத்துக்கு எடுத்தது போக மிச்சத்தில் நல்லதை விமானத்துக்கு அடுக்குவார்கள். வழியில் குளிரே இல்லை.

"பயப்படாதே," என்றாள். "உயிரோடு இருக்கிறது சுடத்தான் செய்யும்."

மூன்று

ஒருநாள் பெட்டியைத் திறந்தால், மேல் வரிசையில் மூன்று காய்க்கு முனை முறிந்திருந்தது. அடுத்ததிலும் மூன்று. நாற்பது பெட்டியிலும் மூன்று மூன்றுதான். கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லி கொன்வென்ட் சிஸ்டர்மார் பழக்கியிருந்தார்கள். குறைப் படிவத்தில் பெட்டி இலக்கத்தோடு வடிவாக எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி அண்ணைக்குச் சந்தோஷம். "இப்பிடித்தான் எழுதோணும், பிள்ளை. இப்பவே கானாவில அனுப்பிறவங்களுக்கு ஃபாக்ஸ் அடிக்கிறன்."

முந்திய கை

கழித்த காயைச் சனிக்கிழமை வாசலில் எங்கட ஆட்களுக்கு விற்போம். ஒரு அக்கா முறித்துப் பார்க்கப் பெருவிரலை வைத்தார், முனை ஏற்கெனவே முறிந்திருந்தது. "எனக்கு முன்னமே ஆரோ எங்கட ஆள் முறிச்சுப் பாத்திட்டுது. வேறை ஆர் இப்பிடிப் பாக்கிறது?"

ஊரில், சுன்னாகச் சந்தையில் என் கணவர் எண்ணி மூன்று முறித்துப் பார்க்காமல் ஒருநாளும் வெண்டிக்காய் வாங்கியதில்லை. என் கை தராசிலேயே நின்றுவிட்டது.

அக்கா சிரித்தார். "என்ன பிள்ளை, பேயைக் கண்டனியே?"

பழுதில்லாத பெட்டிகள்

திங்கட்கிழமை அண்ணையிடம் ஓடினேன். முறித்தவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் கானாவிலிருந்து பதில் வந்திருந்தது. "அந்த ஆளின்ரை பேரைக் கேளுங்கோ அண்ணை," என்றேன். கேட்டார். கூலி ஆட்களுக்கு அங்கே பெயர் எழுதுவதில்லையாம். எங்கே போனார் என்றும் தெரியாதாம்.

இந்தக் கிழமை வந்த நாற்பது பெட்டியையும் நானே திறந்தேன். ஒரு முனைகூட முறியவில்லை. உள்ளே கைவைத்தேன், சுட்டது. பின்னால் அண்ணை வந்து நின்றார்.

"பாத்தீரே பிள்ளை, உம்மட ஒரு எழுத்தோடை எல்லாம் சரி. நாளையிலையிருந்து படிவம் முழுக்க உம்மட பொறுப்பு."

தரம் பிரிப்பதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்துவிட்டேன். இனித் திறக்கிற பெட்டியிலெல்லாம் ஒரு குறையாவது இருக்க வேண்டுமென்று மன்றாடுவதுதான் மிச்சம்.