“எல்லாம் செய்றாரு” என்று சொன்ன பொய்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நிமோனியா முற்றி மூன்று வாரம் ஐ.சி.யு.வில் கிடந்த என் கணவர், வீடு திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஐ.சி.யு.வில் இருந்தபோது, குழாய் வழியே எவ்வளவு உணவு கொடுத்தால் நோயாளி நன்றாகத் தேறுவார் என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. புரிந்தும் புரியாமலும் போட்டேன். அன்றிலிருந்தே சந்தேகம்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் உணவுப் பை பெரிதாக இருப்பதுபோல் தோன்றும். துரும்பாய் இளைத்து என் கணவர் வீடு வந்ததும், பட்டினி போட்டுவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன்.

அந்த ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தானே குளிக்கிறாரா, சட்டைப் பொத்தான் போடுகிறாரா, மாடி ஏறுகிறாரா? இவர்கள் ஏன் இன்னும் துருவுகிறார்கள்? முடியவில்லை என்றால் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக்கொள்வார்களோ என்று பயந்து, “எல்லாம் செய்றாரு” என்றேன்.

மறுவாரம் நேரிலேயே வந்துவிட்டாள். வாசலிலேயே மறித்தேன்.

“மொதல்ல இதச் சொல்லு. அவருக்குக் கூடக் குடுத்தீங்களா, கொறச்சுக் குடுத்தீங்களா?”

“எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா நான் பாக்குறது ஒரு பக்கமாச் சாஞ்சிரும்னு எங்கிட்டச் சொல்லவே மாட்டாங்க.”

நழுவுகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் அவரே உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னாள். மூன்று தடவை முயன்றார். முடியவில்லை. போனில் நான் சொன்னதை எழுதியிருந்த தாளை அவள் பார்த்தாள், பிறகு என்னை.

“பொத்தானெல்லாம் இவதாம்மா போட்டுவிடுறா” என்றார் அவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவள் கோபப்படவில்லை. “உசுரோட வீட்டுக்குப் போனாரான்னு மட்டும் பாத்தா, நல்லாயிட்டாருன்னு எழுதி மூடிருவாங்கக்கா. வீட்ல எம்புட்டு சிரமம்னு நீங்க சொன்னாத்தானே, எந்த அளவுச் சாப்பாடு தெம்பு குடுத்துச்சுன்னு தெரியும்?”

கேள்விகளை முதலிலிருந்து கேட்கச் சொன்னேன். பாதிக்கு மேல் “முடியல” என்றுதான் பதில். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவள் காத்திருந்து எழுதிக்கொண்டாள்.

இன்று அவர் தானாக மாடி ஏறுகிறார். அவருக்கு எந்த அளவு கிடைத்தது என்று இதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் முழுதாகப் போகவுமில்லை. ஆனால், நான் சொன்ன பொய் அப்படியே பதிந்திருந்தால், முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு ஊட்டும் அளவை அதுவும் சேர்ந்து தீர்மானித்திருக்குமே என்று நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.