ஒன்பது மணிக்கு நீர்நாய்

நீர்நாய் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்குள் ஆற்றங்கரையில் இருக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கோடை லீவிலும் நாங்கள் கொள்ளிடக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்பது மணிக்குத்தான். காரணம் நான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

என் ஆத்துக்காரருக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. பறவை, பிராணி என்றால் உயிர். மலைக்கோட்டைக் கடைவீதியில் பேரம் பேசி ஒரு பைனாகுலர் வாங்கி வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசை, நம்ம கொள்ளிடத்தில் இருக்கிற நீர்நாயைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். காசி, பத்ரி என்று கேட்டாரா மனுஷர்? ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். வெயில் ஏறிவிட்டால் அதுகள் நாணலுக்குள் போய்விடும், அப்புறம் நாங்களே பார்க்க முடியாது சார் என்று கரையில் வலை போடுகிறவர் அப்போதே சொல்லியிருந்தார்.

எங்கள் ஆத்தில் பெருமாள் கண்டருளாமல் யாருக்கும் ஒரு வாய் சோறு கிடையாது. வெளியே கொண்டுபோகிற கட்டுச்சாதத்துக்கும் அதே சட்டம். நான் ஸ்நானம் பண்ணி, மடியாகப் புளியோதரையும் தயிர்சாதமும் தளிகை பண்ணி, அவர் திருவாராதனம் முடித்து, பெருமாளுக்கு அமுது செய்வித்த பிறகுதான் டப்பா மூடப்படும். எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் எட்டரை ஆகிவிடும். முதல் வருஷமே அவர் கேட்டார், வழியில் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொள்ளலாம், திரும்பி வந்து ஆராதனம் பண்ணுகிறேன் என்று. நான் விட்டேனா?

"பெருமாளைப் பட்டினி போட்டுட்டு நாய் பார்க்கப் போறதாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. சண்டையாவது போட்டிருக்கலாம். அந்தக் குணம் அவருக்குக் கிடையாது, இருந்த குணம் மொத்தமும் எனக்குத்தான்.

ஒன்பது மணிக்குக் கொள்ளிடத்தில் என்ன இருக்கும்? மணல் சுடும். ஆங்காங்கே தேங்கின தண்ணீரில் ஒரு கொக்கு, ஒரு மீன்கொத்தி. ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். அவர் மட்டும் சலிக்காமல் தண்ணீரோரமாகக் குனிந்து நடந்து, ஈர மணலில் கால் தடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்தில் மீன் செதிலும் முள்ளும் கிடக்கும். உட்கார்ந்து ஒற்றை விரலால் தடத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் போயிருக்கு" என்பார். வருஷா வருஷம் அதே வார்த்தை. பெண்ணுக்கு அப்போது ஏழு வயசு. அவள் அந்தத் தடத்தை நோட்டில் வரைந்துகொண்டு, இந்த நாய்க்குக் கால் மட்டும்தான் உண்டா அப்பா என்று கேலி பண்ணுவாள். நான் நிழல் தேடி டப்பாவைத் திறப்பேன். அதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு அவர் நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். டம்ளரைத் தட்டிவிடுவார். கண் என்ன பிடரியிலா இருக்கு என்று நான் வைதேன். ஒரு வருஷம் முழுக்க வைதேன். டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம், ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். மூன்று வேளை சொட்டு மருந்து. மிச்சமும் நிற்கவில்லை. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கு என்பார், அந்தக் குழாயும் மாதா மாதம் குறுகியது.

பார்வை கொஞ்சமாவது மிச்சமிருந்த அந்த இரண்டு கோடையில் நான் அவரை விடியற்காலையில் கூட்டிப் போயிருக்க வேண்டும். புத்தி போனது வேறு பக்கம். கண்ணைக் காப்பாற்றிக் கொடு என்று பெருமாளிடம் கேட்டுக்கொண்டு, அவர் ஆராதனத்தில் அரை நிமிஷம் பிசகலாமா? முன்னைவிட மடி, முன்னைவிட ஆசாரம். பத்து மணிக்குப் போனோம். அவர் தடத்தைத் தேடினார். பெண்தான் முதலில் பார்த்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

இந்த வருஷம், சென்னையில் காலேஜில் படிக்கிற பெண் லீவில் வந்திருந்தபோது, நானே சொன்னேன், நாளைக்கு ஐந்து மணிக்குக் கிளம்பறோம் என்று. தளிகை? என்று கேட்டார். வந்து பண்ணிக்கலாம் என்றேன். அவர் பைனாகுலரை எடுத்துத் துண்டால் துடைத்து வைத்துக்கொண்டார். ஆட்டோவில் போனோம்.

வந்தது. ஒன்றல்ல, நாலு. பழுப்பாக, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று தண்ணீரிலிருந்து எழும்பி, ஒன்று வாயில் மீனோடு கரையேறி உட்கார்ந்து கடக் முடக்கென்று தின்றது. மற்றதுகள் விசில் அடிக்கிற மாதிரி குரல் கொடுத்துக்கொண்டு அதைச் சுற்றின. பெண் என் கையை நெரித்தாள். அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு காலி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தோளை மெல்ல நீர்ப்பக்கம் திருப்பினாள். இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். பிறகு பைனாகுலரை என் பக்கமாக நீட்டினார்.

"நீ பாரு. எனக்கு இருட்டாத்தான் இருக்கு."

பார்த்தேன். மீசை மயிர் உட்பட எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஜன்மத்தில் அப்படி ஒரு வெட்கம் நான் பட்டதில்லை.

அதுகள் போன பிறகு, தண்ணீரோரமாக அழைத்துப்போகச் சொன்னார். உட்கார்ந்து மணலைத் தடவினார். பெண் அவர் விரலை எடுத்துத் தடத்தில் வைத்தாள். ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் போயிருக்கு" என்றார்.

ஆத்துக்கு வந்து நான் தளிகை பண்ணி, அவர் தடவித் தடவி ஆராதனம் முடித்தபோது பதினொரு மணி. அதுவரை பெருமாள் பட்டினி. ஒன்றும் ஆகிவிடவில்லை.