உத்திராபதியின் முப்பத்தெட்டு

ரெட்டிபாளையத்தில் லாரிகளுக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றும் உத்திராபதி, மருத்துவ முகாமில் கொடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் தானே படித்துக்கொண்டார். கிரியாட்டினின் என்ற வரியில் 1.9. சர்க்கரைக்கு நூறு, இருநூறு என்று வருகிறது. இது இரண்டுகூட இல்லையே என்று விட்டுவிட்டார். அதற்குக் கீழே, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் அளவு: 38. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவர் அவர். கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

"டாக்டரப் பாக்கச் சொன்னாங்கள்ல?" என்று திருப்பூரிலிருந்து மகள் இலக்கியா போனில் கேட்டாள்.

"பாஸாயிட்டேம்மா. பாஸானவன் எதுக்கு வாத்தியாரப் பாக்கணும்?"

அவள் சிரித்தாள். பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள். மனைவி இறந்த பிறகு வீட்டுக்குள் அவர் குரல் கேட்பது அந்த அழைப்புகளில் மட்டும்தான்.

மூட்டை தூக்குகிறவர்கள் காலை டீயோடு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வார்கள். மெடிக்கலில் பேர்கூடச் சொல்ல வேண்டாம். முதுகைத் தொட்டுக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உத்திராபதியும் நிறுத்தவில்லை. ஐப்பசியில் பாதம் வீங்கி, செருப்பு நுழையாமல் போன அன்றுதான் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

மறுபடி எடுத்த ரத்தத்தின் முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"கூட யாரு வந்திருக்கா?"

"வெளிய இருக்காங்க."

"கூட்டிட்டு வாங்க. வூட்டாளுங்களுக்கும் தெரியணும்."

வெளியே பெஞ்சில், தன் முறைக்காகக் காலையிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமழபாடிக்காரி ரெங்கம்மாள்தான் இருந்தாள்.

"ஒரு எட்டு உள்ள வரீங்களா? கூட ஆளு கேக்குறாங்க."

"நான் யாருன்னு சொல்ல?"

"தங்கச்சின்னு சொல்லுங்க."

"அப்ப அண்ணன் பேரச் சொல்லுங்க, கேட்டா முழிக்கப் போறேன்" என்றபடி எழுந்தாள்.

பழைய தாளைக் காட்டி, பாஸ் என்று விட்டதையும் தினம் போடும் வலி மாத்திரையையும் உத்திராபதி முன்பே சொல்லியிருந்தார். டாக்டரம்மா அவளைப் பார்த்தே பேசினார். "இது பரீச்ச மார்க்கு இல்லம்மா. தொண்ணூறுக்கு மேல இருந்தா நல்லது. அறுபதுக்குக் கீழ மாசக்கணக்கா இருந்தா கிட்னி நோய்னு அர்த்தம். ஒங்க அண்ணனுக்கு அப்பவே முப்பத்தெட்டு, இப்ப முப்பத்தொண்ணு. போனது பெரும்பாலும் திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம். வலி மாத்திரைய இன்னியோட விடணும்."

"அது இல்லாம மூட்ட தூக்க முடியாதுங்களே" என்றார் உத்திராபதி.

"அப்ப மூட்டய விடுங்க."

ரெங்கம்மாள் திரும்பினாள். "எத்தினி வருசமாண்ணே போடுற அத?"

அப்படி ஒருவர் அதட்டிக் கேட்டு வெகுநாளாயிற்று. "பத்து இருக்கும்" என்றார், தரையைப் பார்த்து.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மறுநாள் வெறும் டீயோடு வேலைக்குப் போனார். இரண்டாவது மூட்டையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேஸ்திரி இளையபெருமாள் தன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினான்.

"போட்டுக்கண்ணே, லாரி நிக்குது."

"வேணாம்ப்பா. இனிமே வேணாம்."

"அப்ப கூட்டற வேலதான் இருக்கு. கூலி கம்மி. பாக்கறியா?"

பார்ப்பதாகச் சொன்னார்.

டீ வந்தபோது மூட்டைக்காரர்கள் வழக்கம்போல லாரி நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். உத்திராபதி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தார். தூசி விழாமல் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.