ஒரு கிட்னி கட்டுரையும் அதைப் படித்தவர்களும்

சிறுநீரக மாற்று சிகிச்சையில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இரண்டு கவலைகள்: பொருத்திய கிட்னி வேலை செய்கிறதா, எழுதிய கட்டுரையை வேறு யாராவது தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்களா. முதலாவதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இரண்டாவதற்குக் கணினி முன் உட்கார்ந்து தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எதையாவது எழுதி அனுப்பிவிட்டுக் காத்துக் கிடந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கல்யாண வீட்டில்

நான் வேங்கிக்காலில் சிறுநீரக மருத்துவர். பெரிய ஊர்களில் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு திரும்புகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. கிட்னி வாங்கினவரை எல்லோரும் விசாரிப்பார்கள். கொடுத்தவர் துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள், பழைய வேலைக்குப் போக முடிகிறதா என்று ஆராய்ந்து எழுத ஆசைப்பட்டேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் என் கணவரின் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாயசத்தை முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாங்கினவங்களப் பத்தி எழுதினாலாவது நாலு பேரு படிப்பாங்க. குடுத்தவங்களப் பத்தி யாருமா படிக்கப் போறாங்க?"

பெஞ்சில் இருந்தவர்

அடி அண்ணாமலை கிராமத்து வளர்மதி தன் தம்பி ஏழுமலைக்குக் கிட்னி கொடுத்தவர். சாமந்தித் தோட்டம் வைத்திருக்கிறார். தம்பியைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தபோது அவரையும் உள்ளே கூப்பிட்டேன். தனக்கு எதற்கு டெஸ்ட் என்று தயங்கினார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஒற்றைக் கிட்னிக்காரி இனி பாதி ஆள்தான் என்று ஊரே சொல்லியிருந்தது. வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் பயந்துபோயிருந்தார்.

ரத்தம், சிறுநீர், பிரஷர் எல்லாமே நன்றாக இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டால் போதும், தோட்ட வேலை, தண்ணீர்க்குடம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு வேண்டுகோள் வைத்தார்: "கொடம் தூக்கலாம்ன்றத மட்டும் எங்க மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். இப்பதான் அவங்க தூக்கினு வராங்க."

முதல் மேற்கோள்

கட்டுரையைப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. சின்ன ஊர், கொஞ்சம் பேர், புதிதாக ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் அதிகம் பேர் அறியாத ஒரு பத்திரிகை போட்டது. அதன் பிறகு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் தேடியபோது ஒரு மேற்கோள் தெரிந்தது. என் கட்டுரைக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுத்த, எங்கள் மயக்க மருந்து டாக்டர் இக்பாலிடம் ஓடிப்போய்க் காட்டினேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மேற்கோள் காட்டியிருந்த கட்டுரை அவருடையதேதான். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "யாராவது ஆரம்பிச்சு வைக்கணும்ல மேடம்?"

கடல் கடந்த புகழ்

அடுத்து ஒரு வெளிநாட்டுக் குழு. கிட்னி கொடுத்த கிராமத்தினர் பழைய வேலைக்குத் திரும்ப முடிவதில்லை என்று எழுதி, அதற்கு ஆதாரமாக என் கட்டுரையைக் காட்டியிருந்தார்கள். நான் எழுதியதோ நேர்மாறு. இதைப் படித்து யாராவது கொடுக்கப் பயந்தால் என்ன ஆவது என்று சோறு இறங்கவில்லை. எழுதிக் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்திவிட்டார்கள். அதுவரை என் புலம்பலைக் கேட்ட கணவர் அன்போடுதான் கேட்டார்: "திருத்தினா மேற்கோள் எண்ணிக்கை கம்மியாயிடுமா?"

பௌர்ணமியன்று வந்தவர்கள்

விழுப்புரம் பக்கமிருந்து ஒரு பள்ளி ஆசிரியை தன் அம்மாவுடன் வந்தார். கணவருக்குக் கிட்னி கொடுக்க அவர் தயார். கைக்குழந்தைக்காரி, இவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்று அம்மா அழுதார். அவர்கள் ஊர் டாக்டர் எங்கேயோ என் கட்டுரையைப் படித்துவிட்டு, என்னைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். பௌர்ணமி என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்தே வந்திருந்தார்கள்.

ஆபத்து குறைவு, ஆனால் அடியோடு இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றேன். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. அன்று கிரிவலப் பாதையில் பூ விற்றுக்கொண்டிருந்த வளர்மதிக்கு போன் செய்து கேட்டுவிட்டு, இருவரையும் அவரிடம் அனுப்பினேன். அங்கே நடந்ததை அந்த அம்மாதான் பிறகு சொன்னார். பூக்கூடைகளை ஒதுக்கி உட்கார வைத்து, தையல் வலித்தது, பயந்தது எல்லாவற்றையும் வளர்மதி மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எழுந்திருக்கும்போது, பரிசோதனைகள் சரியாக வந்தால் செய்துவிடலாம் என்று அம்மாவே மகளிடம் சொல்லியிருக்கிறார்.

சரியாகவே வந்தன. ஆபரேஷன் முடிந்து மகளும் மருமகனும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு போன் செய்யும்போதெல்லாம், கொடுப்பது கஷ்டமா என்று தான் கேட்டதற்கு வளர்மதி சொன்ன பதிலை அந்த அம்மா சொல்லிச் சிரிக்கிறார்: "குடுக்கிறது கஷ்டமில்லமா. குடுத்தப்புறம் என் தம்பி உப்பு ஜாஸ்தியா போட்டு சாப்புடறதப் பாத்துக்கினு சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்."

இதையெல்லாம் பதவி உயர்வு நேர்காணலில் சொன்னால் மதிப்பெண் கிடைக்காது என்பதால், உங்களிடம் சொல்லி மனதை ஆற்றிக்கொள்கிறேன்.