மொட்டை போட்டு வாங்கிய லீவு

சென்ற வாரம் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் மொட்டை போட்ட ஓர் அம்மாள். ஜன்னல் காற்றில் அவள் தலைச் சந்தன வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனைக்கு எல்லோருக்கும் மலை ஞாபகம் வரும். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எனக்கு வருவதோ பென்சிலின் ஊசி ஞாபகம். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில் சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்தேன். மருந்துக்கு வந்தவர்கள் இருமலை நிறுத்திவிட்டு, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று சண்டை போடுவார்கள். எனக்குக் கிடைத்தது பின்கட்டு அறை. மேக நோய்க்கு, அதாவது உடலுறவில் தொற்றும் வியாதிக்கு, ஊசி போடும் இடம். வாசலில் பலகைகூடக் கிடையாது. வருகிறவர்களுக்கு வழி தெரியும். தலையணையில் குத்திப் பழகியவள் நான். முதல் நாள் நான் ஒரே இடத்தை மூன்று தடவை பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்க, குப்புறப் படுத்திருந்த மங்காதான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

"பயந்துக்காத சிஸ்டரம்மா, எனக்கு ஒண்ணும் ஆவாது."

மங்கா புத்தூர்ப் பக்கத்துப் பெண். சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் தொழில் செய்துகொண்டிருந்தாள். எல்லைத் தகராறைப் பற்றிக் கேட்டால், "எந்த ராஜ்யமா இருந்தா இன்னா? நம்ம ஊட்டுக்கு ரெண்டு ராஜ்யத்துக்காரனும் வந்துக்கினுதான் இருப்பான்" என்பாள்.

இப்படிச் சிரிக்கிறவளுக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போயிருந்தன. எல்லாம் இந்த நோயால்தான், முழுக்கக் குணமானால் அடுத்தது தங்கும் என்று எங்கள் லேடி டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நாங்கள் ஊசி போட்டு அனுப்பினால், அந்த வீட்டை நடத்திய பெரியம்மா மறுநாளே அவளைத் தொழிலுக்கு உட்கார்த்துவாள். நோய் திரும்பி வந்துவிடும். கொஞ்ச மாதம் தனியாகப் படுத்துக்கொள் என்று நான் பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன்.

"லீவு யாரு குடுப்பாங்க? நீ வந்து கேக்கறியா?"

பெரியம்மா ஏழுமலையானைத் தவிர யாருக்கும் அடங்காதவள். சனிக்கிழமை துளசித் தீர்த்தம் குடிக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மங்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஊசிக்கு வந்தவள் முக்காட்டை விலக்கினால், பளபளவென்று மொட்டை, மேலே சந்தனம். இடுப்பு வரை தொங்கிய கூந்தல் போயே போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் அழுவற? கனவுல சாமி வந்து முடி கேட்டாருன்னு சொன்னேன். பெரியம்மாவே மலைக்கு இட்டுக்கினு போனாங்க. இப்ப மொட்டைகிட்ட எவன் வருவான்? வந்த ஒருத்தனும் கோவிந்தான்னு கும்பிட்டுட்டுப் போய்ட்டான்!"

லேடி டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குக் கனவு வந்தது. எங்கள் பெஞ்சில் மூன்று மொட்டைகள் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கும். "தேவுடுக்கு நம்ம ஊட்டு முடிதான் ஓணுமா?" என்று பெரியம்மா புலம்பினாளாம். சாமியிடம் போய்ச் சண்டையா போட முடியும்?

முடி வளர வளர மங்காவுக்குக் கவலை. "சீக்கிரம் பாரு சிஸ்டரம்மா, லீவு முடிஞ்சிக்கினு வருது" என்று தலையைத் தடவிக் காட்டுவாள். அது காதைத் தொடுவதற்குள் இரத்தப் பரிசோதனை சுத்தம் என்று வந்தது. அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு எல்லை முடிவாகி, திருத்தணி தமிழ்ப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். ஒரு நாள் மங்கா வந்தாள். தலை நிறையக் கூந்தல், கனகாம்பரம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, முதல் மொட்டையும் சந்தனமுமாக.

"இது நெஜ வேண்டுதல் சிஸ்டரம்மா. போன தபா பொய் சொன்னேன். சாமி கோச்சிக்கல பாரு."

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பின்கட்டு அறை இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. சந்தையும் அந்த வீடும் போய்விட்டன. பஸ்ஸில் இருந்த அம்மாள் இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாக ஓய்வெடு தாயே என்று சொல்ல வாய்வரை வந்தது.