கடை மூடுகிறோம், எல்லாம் பாதி விலை

தள்ளுபடிக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: யார் எதைக் கொடுத்தாலும் அடியில் இன்னொரு விலை ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பார்கள். நாள் முழுக்க நின்று, கால் வீங்கி, சிரித்த முகம் மாறாமல் வீடு திரும்பும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூனில் ஒரு ஷாப்பிங் சென்டரின் இரண்டாம் மாடியில், பாத்திரம் முதல் பனியன் வரை விற்கும் கடையில் பதினோரு வருஷம் நின்றவள் நான். வீட்டில் சாந்தா. சட்டையில் குத்திய அட்டையில், பர்மியப் பேச்சுக்கு ஏற்றபடி, மா சன்டா.

போணி

யாங்கோன் பஜாரில் போணி ஆனதும் அந்த நோட்டால் சரக்கையெல்லாம் தட்டுவார்கள். போணிக்காரருக்கு விலையும் குறைப்பார்கள். பார்கோடும் கம்ப்யூட்டரும் வைத்த எங்கள் கடையிலும் பெண்கள் காலையில் முதல் நோட்டை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகத் தட்டினார்கள். நானும்தான். மேனேஜர் கோ மின் கேமராவில் பார்த்துவிட்டு, இது சந்தை இல்லை என்று எழுதி ஒட்டினார்.

மறுநாள் கதவு திறந்ததும் டோ மியா வந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். 'ஸயாமா' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். வாரம் தவறாமல் வருவார், வருஷத்தில் இரண்டு முறை வாங்குவார். ஒரு துண்டை எடுத்து, போணி, குறைத்துக் கொடு என்றார். கம்ப்யூட்டர் போட்ட விலை, என் கையில் இல்லை என்றேன்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டரைக் கூப்பிடு. நான் பேசிக்கிறேன்."

நகராத படி

முதல் இரண்டு வருஷம், நகரும் படிக்கட்டில் ஏறி இறங்குவதற்கென்றே கூட்டம் வரும். சிலர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். பிறகு கரண்ட் போக ஆரம்பித்தது. டீசல் விற்கிற விலையில் ஜெனரேட்டரை விளக்குக்கு மட்டும் போட்டார்கள். படி நின்றுவிட்டது.

வெளியூரான கியாக்தானிலிருந்து ஒருவர், புதுப் பெண்டாட்டிக்கு அதைக் காட்டக் கூட்டி வந்திருந்தார். வழியெல்லாம் பெருமை அடித்திருப்பார் போல. அந்தப் பெண் மூச்சு வாங்க நடந்தே மேலே வந்து சேர்ந்தாள்.

"இது படிக்கட்டுதானே? இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?"

மூன்று ஸ்டிக்கர்

டாலர் ஏறும்போதெல்லாம் விலையை மாற்ற வேண்டும். பழைய ஸ்டிக்கரை உரிக்க நேரமில்லாமல் அதன் மேலேயே புதியதை ஒட்டிக்கொண்டு போனேன். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். டோ மியாவுக்கு நாலடுக்கு டிபன் கேரியர் ஒன்றின் மேல் கண். ஒரு நாள் அதன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். மேலே 'தள்ளுபடி விலை' நாற்பதாயிரம். அதன் கீழே இருபத்தெட்டு. அதற்கும் கீழே பதினெட்டு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இதுல எந்த விலைக்கு நான் ஏமாறணும், மகளே?"

மூளை என்னுடையது

ஒரு வருஷம் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் வியாபாரம் படுத்துவிட்டது. கடையை மூடுகிறோம் என்று போர்டு வைத்துப் பாருங்களேன் என்று கோ மின்னிடம் நான்தான் சொன்னேன். மூன்றே நாளில் அலமாரி காலி. எனக்குச் சூப்பர்வைசர் பதவி. அதன்பிறகு தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு தடவை, விளக்குத் திருவிழாவுக்கு ஒரு தடவை என்று வருஷா வருஷம் மூடினோம். டோ மியா போர்டுக்கு முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க வரணுமா, துக்கம் விசாரிக்க வரணுமா?"

கடைசி மாதம்

பிறகு உண்மையிலேயே மூட வேண்டி வந்தது. தன்லியினில் சின்னதாக ஒரு கடை போடப்போகிறேன், இந்த மாதத்துக்குள் இங்கே சரக்கு பாதியாவது விற்றால் அங்கே உனக்கும் இரண்டு பெண்களுக்கும் வேலை என்றார் முதலாளி. வீட்டுக்காரர் முதுகு ஒடிந்து படுத்ததிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நாற்பத்தெட்டு வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்? கிடங்கிலிருந்து அதே பழைய போர்டை எடுத்து வந்து, மேலே 'உண்மையாகவே' என்று பெரிதாக எழுதினேன். அதைப் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மாதக் கடைசி நாள். கால்வாசிகூட விற்கவில்லை. காலையிலிருந்து போணியும் ஆகவில்லை, தட்டுவதற்கு ஒரு நோட்டு இல்லை. டோ மியா வந்தார். நேராக அந்த டிபன் கேரியரை எடுத்தார். நான் மற்ற ஸ்டிக்கரை எல்லாம் உரித்துவிட்டுப் பழைய பதினெட்டாயிரத்தையே விட்டு வைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தியமாக மூடுகிறோம் ஸயாமா, எனக்கு வேலை போகிறது என்றேன். அழுதே விட்டேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, டிபன் கேரியரை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நல்லா நடிக்கிற, மகளே. அடுத்த மாசம் இன்னும் குறைப்பீங்க, அப்ப எடுத்துக்கிறேன்."

பதினோரு வருஷம் நான் சொன்ன பொய்யெல்லாம் விற்றுத் தீர்ந்தது, கடைசி மாதம் சொன்ன ஒரே ஒரு உண்மைதான் தேங்கிப்போன சரக்கு.